விளக்குக்கு முன்பணம்



சென்னையிலிருந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதையில், திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் இடையே உள்ளது திருவாலங்காடு. கூத்தப்பெருமானுடைய ஐந்து சபைகளுள் இரத்தினசபை விளங்கும் தலம் அது. காரைக்காலம்மையார் முத்தி பெற்ற இடமும் அதுவே. வரலாறு பயிலும் மாணவர்களுக்கு அவ்வூரின் பெயர் வேறொரு வகையிலும் தெரிந்திருக்கும். 1905ஆம் ஆண்டில் அங்கே கிடைத்த செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியைக் கூறுபவை. ஒரு கோயிலில் அறம் இடையறாது நடைபெற வேண்டுமானால், அதற்குரிய பொருளை முன்னதாகவே ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை.

விளக்கெரிக்கும் அறத்தில் இக்கொள்கை மிகத் தெளிவாகத் தெரிகிறது. சோழர் காலத்துக் கோயிற் கல்வெட்டுக்களில் நந்தா விளக்கு என்னும் சொல் அடிக்கடி வரும். இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய விளக்கு அது. அப்படி ஒரு விளக்கு எரிவதற்கு 96 ஆடுகளைக் கோயிலுக்குக் கொடுப்பது பெருவழக்கு. அவ்வாடுகளைப் பெற்றுக்கொள்ளும் மன்றாடிகள், அதாவது ஆட்டிடையர்கள், நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைத் தவறாது கோயிலில் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் சாவா மூவா ஆடுகள் என்றே வழங்கினார்கள். கிழடு கழிந்தால் குட்டி அதன் இடத்தை நிரப்பும். எண்ணிக்கை மட்டும் குறையாது. விளக்கின் விலை முன்னதாகவே கொடுக்கப்பட்டுவிட்டது. அந்த முதலோ என்றும் தீராதது. ஆதலால் விளக்கும் அணைவதில்லை.

இன்று நம் வீட்டில் எரியும் மின்விளக்குக்கும் முன்பணம் செலுத்தும் முறை ஒன்று வந்திருக்கிறது. ஆனால் இங்கே நாம் செலுத்தும் முதல் தீரக்கூடியது. அது தீர்ந்த கணத்திலேயே விளக்கும் அணைந்துவிடும். இம்முறையை எவ்வாறு கையாள்வது, இதில் நன்மை எது, கவனிக்க வேண்டியது எது என்பவற்றை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் நாம் பழகிய முறையை நினைவுபடுத்திக்கொள்வோம். தமிழ்நாட்டில் மின்சார வாரியம் 1957ஆம் ஆண்டு சூலை முதல் நாளில் ஏற்பட்டது. அதன் பெயரும் அமைப்பும் பின்னர் மாறினாலும், பெரும்பாலான வீடுகளுக்கு அமைந்த வழக்கம் ஒன்றே. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வருவார். மீட்டரில் உள்ள எண்ணைப் பார்ப்பார். சென்ற முறை இருந்த எண்ணைக் கழிப்பார். எத்தனை யூனிட் செலவாயிற்று, எவ்வளவு கட்டவேண்டும் என்று தெரிவிப்பார். நாம் முன்பு எரித்ததற்குப் பின்பு பணம் கட்டுகிறோம். அதாவது மின்சாரம் நமக்குக் கடனாகத் தரப்படுகிறது. கடன் என்றால் ஈடு வேண்டுமன்றோ? இணைப்புப் பெறும்போது நாம் கட்டும் காப்புத்தொகை அந்த ஈடேயாகும்.

முன்பண மீட்டரில் இந்த வரிசை தலைகீழாகிறது. பணம் முன்னே, மின்சாரம் பின்னே. கடன் இல்லையாதலால் ஈடும் வேண்டுவதில்லை. 2003ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, முன்பண மீட்டர் வழியாக மின்சாரம் பெற ஒருவர் உடன்பட்டால் அவரிடம் காப்புத்தொகை கேட்கலாகாது என்று கூறுகிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான நுகர்வோர் உரிமை விதிகள், புதிய இணைப்புக்கள் முன்பண மீட்டருடனேயே தரப்பட வேண்டும் என்பதைப் பொது விதியாக்கின. விலக்கு வேண்டுமானால் ஒழுங்குமுறை ஆணையத்தின் இசைவு தேவை. 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு, நாடெங்கும் 25 கோடி மீட்டர்களை மாற்றும் திட்டத்தை வகுத்தது. இத்துறையில் முந்திக்கொண்ட மாநிலங்களுள் பீகார் ஒன்று. அங்கே 2019 முதலே வீடுகளில் இவை பொருத்தப்பட்டு வருகின்றன.

ஆயினும் ஒரு கருவியின் இயல்பை அறிய வேண்டுமானால், அதனோடு நெடுநாள் வாழ்ந்தவர்களைக் கேட்பதே நல்லது. அத்தகையோர் நம் தமிழரிலேயே இருக்கிறார்கள். 1860ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டுக்குச் சென்ற முதற் கப்பலாகிய துரூரோ, சென்னையிலிருந்தே புறப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. பின்னர்ச் சென்ற கப்பல்களில் பழைய வடார்க்காட்டு மாவட்டத்தார் பலர் இருந்தனர். அவர்கள் வழிவந்தோர் டர்பனிலும் அதன் பகுதிகளாகிய சாட்சுவொர்த்து, பீனிக்சு முதலிய இடங்களிலும் இன்றும் வாழ்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1980ஆம் ஆண்டுகளின் இறுதியில் தொடங்கிய முன்பண மின்சார முறை, இன்று அந்நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகளில் வழங்குகிறது. டர்பன் மாநகராட்சியும் அதை மேற்கொண்டிருக்கிறது.

அங்கே இல்லத்தரசி மின்சாரம் வாங்கும் வகையைச் சொல்கிறேன். ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எண் உண்டு. கடையில் அவ்வெண்ணைச் சொல்லிப் பணம் கொடுத்தால், 20 இலக்கங்கள் அச்சிட்ட ஒரு துண்டுச்சீட்டுக் கிடைக்கும். இதற்கு டோக்கன் என்று பெயர். இப்போது கைபேசி வழியாகவும் அந்த இலக்கங்களைப் பெறலாம். வீட்டில் உள்ள சிறு பொத்தான் பலகையில் அவற்றை வரிசையாக அழுத்தினால், வாங்கிய யூனிட்டுக்கள் மீட்டரில் ஏறிவிடும். இந்த முறையைப் பொதுவாக்கி வகுத்த தரம், இன்று பல நாடுகள் பின்பற்றும் உலகத் தரமாக விளங்குகிறது.

இந்த 20 இலக்கங்களில் எவ்வளவு நுட்பம் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அது பணம் எவ்வளவு என்பதை மட்டும் சொல்வதன்று. எந்த மீட்டருக்கு உரியது என்பது மறைமொழியாக அதனுள் பொதிந்திருக்கிறது. ஆகையால் அடுத்த வீட்டு மீட்டரில் அழுத்தினால் ஏற்காது. ஓர் இலக்கம் பிழைபட்டாலும் ஏற்காது. ஆனால் அதனால் பணம் போய்விடாது. மீண்டும் சரியாக அழுத்தலாம். ஒருமுறை ஏற்றுக்கொண்ட சீட்டை மறுமுறை ஏற்காது. ஏனெனில், சீட்டு உண்டான நிமிடமும் அதனுள் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே மீட்டர் ஏற்றுக்கொண்டதைக் கண்ணாற் காணும்வரை சீட்டைக் கிழித்தெறியக் கூடாது என்பது முதற் பாடம்.

அந்த நிமிடக் கணக்கே பின்னர் ஒரு பெரிய வேலையை உண்டாக்கிற்று. 1993ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து கழியும் நிமிடங்களை எண்ணுவதற்கு அத்தரத்தை வகுத்தோர் 24 இருமக் குறிகளை ஒதுக்கியிருந்தனர். கணிதம் பயிலும் மாணவர்கள் இரண்டை 24 முறை பெருக்கிப் பார்க்கலாம்: 1,67,77,216. அத்தனை நிமிடங்கள் ஏறத்தாழ 32 ஆண்டுகள் ஆகும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அக்கணக்கு நிரம்பிவிட்டது. அந்நாளுக்கு முன் ஒவ்வொரு மீட்டரும் புதுக் கணக்குக்கு மாற வேண்டியிருந்தது. வீட்டார் இரண்டு தனி டோக்கன்களை அழுத்தி, மீட்டரின் மறைமொழியைத் திருத்திக்கொண்டார்கள். திருத்தாத மீட்டர்களில் அதன் பிறகு புதிய டோக்கன் ஏறாது. கையில் பணமும் இருக்கும். கடையில் மின்சாரமும் கிடைக்கும். வீடு மட்டும் இருளில் இருக்கும். கருவியைப் பயன்படுத்துவோர், அதை நடத்துவோர் விடுக்கும் அறிவிப்பையும் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டில் இப்போது பொருத்தப்படுபவை இவற்றினும் ஒரு படி மேற்பட்டவை. மீட்டர் தானே செய்தி அனுப்பும். தானே செய்தி பெறும். இலக்கங்களை அழுத்த வேண்டுவதில்லை. கைபேசியிலோ, கட்டண நிலையத்திலோ நுகர்வோர் எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் செலுத்தினால், இருப்புத் தொகை தானே கூடும். நாள்தோறும் செலவான யூனிட்டுக்குரிய தொகை கழிக்கப்படும். இருப்புக் குறையும்போது கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். ஆனால் அக்கைபேசி யாருடையது? தந்தையார் வெளியூரில் வேலை பார்க்க, வீட்டில் பாட்டியும் பிள்ளைகளும் இருந்தால், எச்சரிக்கை வெளியூருக்குப் போகும். இருள் வீட்டுக்கு வரும். பதிவு செய்த எண் வீட்டில் இருப்பவருடையதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி, நாம் போட்ட பணம் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்கிடும் வகையைப் பார்ப்போம். ஆயிரம் வாட் சக்தி ஒரு மணி நேரம் செலவானால் அது ஒரு யூனிட். திருவாலங்காட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை மனத்தில் வைத்துக்கொள்வோம். 75 வாட் மின்விசிறி இரண்டு, நாளைக்குப் பத்து மணி நேரம் சுழன்றால் ஒன்றரை யூனிட். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.18 யூனிட். 80 வாட் தொலைக்காட்சி நான்கு மணி நேரத்துக்கு 0.32 யூனிட். குளிர்பதனப் பெட்டிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு யூனிட் என்று கொள்வோம். கிணற்று மோட்டாருக்குக் கால் யூனிட். எல்லாம் சேர்ந்தால் மூன்றேகால் யூனிட். மீட்டரில் 50 யூனிட்டுக்குரிய பணம் இருந்தால் அது 15 நாளைக்கு வரும்.

இப்போது அந்த இரண்டு விசிறிகளுக்குப் பதிலாக, 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிகளைப் பொருத்தினால் என்ன ஆகும்? விசிறியின் செலவு ஒன்றரையிலிருந்து 0.6 யூனிட்டாகக் குறையும். நாட்செலவு 2.35 யூனிட். அதே 50 யூனிட் 21 நாள் வரும். ஆறு நாள் கூடுதல்! விளக்கைப் பற்றியே நாம் பெரிதும் கவலைப்படுகிறோம். ஆனால் இவ்வீட்டில் நான்கு விளக்குகளும் சேர்ந்து உண்பது விசிறிகள் உண்பதில் எட்டில் ஒரு பங்குதான். முன்பண மீட்டர் அன்றாடம் எண்ணைக் காட்டுவதால், இத்தகைய உண்மைகள் இரண்டு மாதம் காத்திராமல் உடனே புலப்படும். இதுவே அதன் தலையாய நன்மை எனலாம்.

மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையும் உண்டு. இக்கால மீட்டர்களில் ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்று இருப்பதாகக் கொள்வோம். 75 வாட் விசிறி ஒன்று மட்டும் ஓடினால் நிமிடத்துக்கு நான்கு முறை மினுக்கும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் 53 முறை மினுக்கும். வீட்டில் எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். அப்போதும் அது மினுக்கிக்கொண்டிருந்தால், எங்கோ ஒரு கருவி ஓசையின்றி மின்சாரத்தை உண்கிறது, அல்லது கம்பியில் கசிவு இருக்கிறது என்று பொருள். கசிவு என்று ஐயம் தோன்றினால் நீங்களே கை வைக்காமல் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்கச் சொல்லுங்கள். மீட்டரின் முத்திரையை எவரும் தொடலாகாது.

கணக்கில் மயக்கம் தரக்கூடிய இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, நம் நாட்டில் யூனிட்டின் விலை எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. செலவு கூடக்கூட, படிப்படியாக விலையும் ஏறும். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வந்த கட்டண அட்டவணையில், இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைக் கடந்த வீட்டாருக்குக் கீழ்ப் படியிலும் விலை கூடிற்று. இத்தகைய முறையில் முன்பணம் கழிக்கப்படும்போது, முதல் வாரத்தில் மெல்லக் கரைந்த பணம் கடைசி வாரத்தில் விரைந்து கரையும். மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று பலர் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம். மற்றொன்று, நிலைக்கட்டணம் உள்ள மாநிலங்களில் அதுவும் நாட்கணக்கில் கழியும். பூட்டிய வீட்டிலும் பணம் குறைவது அதனாலேயே.

எனினும், மீட்டர் மிகையாகக் காட்டுகிறது என்று ஒருவர் ஐயுற்றால் அதை அறியாமை என்று தள்ளிவிடலாகாது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் குசராத்து மாநிலத்தின் வடோதரா நகரில் புதிய மீட்டர்களை எதிர்த்து மக்கள் கிளர்ந்தனர். அதன் பின், புது மீட்டரோடு பழைய வகை மீட்டர் ஒன்றையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்க்க ஏற்பாடாயிற்று. அளவையை மெய்ப்பித்துக் காட்டுதல் அளப்பவனுடைய கடமை. மரக்காலுக்கு முத்திரையிட்ட நாட்டில் இது புதிய நீதியன்று.

இனி, இப்பொருளில் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடத்துக்கு வருகிறோம். பழைய முறையில் ஒருவர் பணம் கட்டத் தவறினால் என்ன நடக்கும்? மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, முழுமையாக 15 நாள் தவணை கொடுத்து, எழுத்து மூலம் அறிவித்த பின்னரே இணைப்பைத் துண்டிக்கலாம். அந்த 15 நாள் ஏழைக் குடும்பத்துக்கு மூச்சுவிடும் காலம். கூலி வரும், கைமாற்றுக் கிடைக்கும், கணக்கில் பிழை இருந்தால் முறையிடலாம். முன்பண மீட்டரிலோ இருப்புத் தீர்ந்தால் மின்சாரம் தானே நிற்கும். 2020ஆம் ஆண்டு விதிகள் இதைத் துண்டிப்பாகக் கருதலாகாது என்றே கூறுகின்றன. மீண்டும் பணம் செலுத்தியதும் மின்சாரம் வந்துவிடும் என்பது அதற்குக் காரணம்.

சொல்லளவில் அது துண்டிப்பு அன்று. ஆனால் தேர்வுக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு விளக்கணைந்த வீட்டில், புத்தகத்தோடு இருக்கும் மாணவிக்கு இந்த வேறுபாடு எதைத் தரும்?

இவ்வினா உயர்ந்த நீதிமன்றங்களிலும் எழுந்தது. தென்னாப்பிரிக்காவில், சொவெட்டோவின் ஃபிரி என்னும் பகுதியில், தண்ணீருக்கு முன்பண மீட்டர் வைத்ததை எதிர்த்து மசிபுக்கோ என்பாரும் பிறரும் வழக்காடினர். கீழ் மன்றங்கள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றி, மீட்டர் நிற்பது தற்காலிக நிறுத்தமேயன்றித் துண்டிப்பு ஆகாது என்று முடிவு செய்தது. வழக்கில் ஏழைகள் தோற்றனர். ஆயினும் அந்நாட்டில் மின்சாரத்தைப் பொறுத்தவரை வேறொரு பாதுகாப்பு முன்னரே ஏற்பட்டிருந்தது. 2003ஆம் ஆண்டுக் கொள்கைப்படி, வறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் 50 யூனிட் விலையின்றி ஒதுக்கப்பட்டது.

இங்கிலாந்தில் வேறொரு வழி கண்டார்கள். வாடகை வீடுகளில் காசு போட்டால் எரியும் வாயு மீட்டர்களை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே கண்ட நாடு அது. இக்கால மீட்டர்களில், இருப்புத் தீர்ந்த பின்னும் சிறிது தொகை அவசரக் கடனாகக் கிடைக்கும். இரவிலும் விடுமுறை நாளிலும் இருப்புத் தீர்ந்தாலும் மின்சாரம் நிற்காது. மறுநாள் பணம் போடும்போது அது கழிக்கப்படும். அப்படியிருந்தும், கடன்பட்டோர் வீடுகளில் வலிந்து நுழைந்து முன்பண மீட்டர் பொருத்திய செய்தி வெளியானபோது நாடு கொதித்தது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் கட்டாயப் பொருத்தலை நிறுத்திவைக்குமாறு ஒழுங்குமுறையாளர் கேட்டுக்கொண்டனர். பணமின்றி ஒருவர் இருளில் இருப்பதை அங்கே தாமே துண்டித்துக்கொள்ளுதல் என்று பெயரிட்டு வழங்குகிறார்கள். அச்சொற்றொடரைச் சற்று எண்ணிப்பாருங்கள். வறுமை செய்த வேலையை அது வறியவர்மேலேயே ஏற்றுகிறது.

ஆகவே முன்பண மீட்டர் நன்றா தீதா என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்வதற்கில்லை. வரவு நிலையாக உள்ள வீட்டுக்கு அது நல்ல கணக்குப்பிள்ளை. காப்புத்தொகை இல்லை, திடீரென்று வரும் பெருந்தொகைச் சீட்டு இல்லை, அன்றாடச் செலவு அன்றாடம் தெரியும். நாட்கூலி பெறும் வீட்டுக்கோ, மழையால் வேலை நின்ற வாரத்தில் அது இரக்கமற்ற காவலன் ஆகலாம். அந்த வீட்டுக்கு அறிவிப்பும், அவசரக் கடனும், இரவு நேரப் பாதுகாப்பும், அடிப்படை அளவு மின்சாரமும் சேர்த்துத் தந்தால்தான் இம்முறை நீதியாகும். இவற்றையெல்லாம் மீட்டரினுள் எழுதிவைக்க இன்றைய நுட்பம் இடந்தருகிறது. எழுதுவதா வேண்டாவா என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. விதி வகுப்போரும், அவர்களைக் கேள்வி கேட்கும் குடிமக்களுமே முடிவு செய்கிறார்கள்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராகி மீட்டர்களை அமைப்பீர்கள்; சிலர் ஆணையங்களில் அமர்ந்து விதிகளை வகுப்பீர்கள். அதற்கு முன் இன்று செய்யத்தக்க சிறு பணி ஒன்று உண்டு. உங்கள் வீட்டு மீட்டர் எதுவாயினும் ஆகுக. ஞாயிறுதோறும் காலையில் அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று கணக்கிட்டு அம்மாவிடம் சொல்லுங்கள். முன்பண மீட்டர் வந்துவிட்ட வீடாயின், இருப்பு ஒரு வாரச் செலவுக்குக் குறையும்போதே பணம் போடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் பக்கத்து வீட்டில் தனியே இருந்தால், அவருடைய இருப்பையும் வாரம் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.